மேரி கொண்டை

கும்மிடிப்பூண்டி
2.7.2023

பிரியமுள்ள தம்பி ஜெரால்டுக்கு அண்ணி ஆரோக்கியமேரி எழுதுவது.

மாதாவின் தயவில் நான் நலம். சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுகிறேன். நீங்களும் ஏஞ்சலும் சுகம்தானே? குன்னூர் குளிரில் அவளுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

போன் செய்யாமல் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். போனில் என் வாயை என்னாலேயே பிடிக்க முடியாது. சிப்காட் கேட்டில் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்ற வாய் இது. இன்றைக்கு அதே கம்பெனிகளுக்குள் லாரியில் மரக்கன்றும் புல்தரையும் கொண்டுபோய் இறக்குகிறேன் என்றாலும் வாய் பழைய வாய்தான். எழுதினால் கொஞ்சம் நிதானம் வருகிறது.

உங்கள் அண்ணனுடைய வருஷப் பூசை போன வாரம் முடிந்தது. நீங்கள் வரவில்லை. லீவு கிடைத்திருக்காது.

பூசைக்கு ஊத்துக்கோட்டை துளசிராமன் ஐயா வந்திருந்தார். நெல் வயலுக்கு நடுவே கள்ளித் தோட்டம் வைத்திருப்பாரே, கள்ளி வளர்ப்போர் குழுவுக்குத் தலைவர், அவர்தான். போனை நீட்டி, "இன்னாம்மா மேரி, ஜெரால்டு நம்ம குழுவுல போட்டுக்கீற கள்ளி போட்டோ, நம்ம எட்வர்டு வச்சிருந்தது மாதிரியே கீதே?" என்றார். மாதிரி என்ன மாதிரி. அதுவேதான்.

உருண்டையாக வளர வேண்டிய கள்ளி, கிறுக்குப் பிடித்து விசிறிபோல மடிந்து மடிந்து, பச்சையில் மஞ்சள் கோடு ஓடி வளர்ந்தது. விதை போட்டு வளர்த்தவர் உங்கள் அண்ணன். இரும்பு ஆலையில் ஷிப்டு முடிந்து வந்து, முகம் கழுவுவதற்கு முன்னால் பெயிண்ட் பிரஷ்ஷால் அதன்மேல் படிந்த தூசியைத் தட்டுவார். "ஏ மேரி, இங்க வந்து பாரேன், உன் கொண்டை மாதிரியே சுத்திக்கினு கீது!" என்று ஒருநாள் கத்தினார். அன்றிலிருந்து அதற்கு மேரி கொண்டை என்று பெயர். இன்னும் கொஞ்சம் பெரிதானால் துண்டு போட்டுக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்றிருந்தார்.

அவரைக் கல்லறைக்குத் தூக்கிய அன்று நீங்கள் மொட்டை மாடிக்குப் போனீர்கள். அழப்போகிறீர்கள் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் கொண்டை இல்லை. வெறும் அடிக்கட்டை நிற்கிறது. வெட்டிய வாயில் மழைத் தண்ணீர் இறங்கி அதுவும் அழுகிப்போனது.

செடியைத் திருப்பிக் கேட்கவில்லை தம்பி. உங்களிடமே இருக்கட்டும். 'ஜெரால்டு கிரௌன்' என்று அதில் குத்தியிருக்கிற பெயர்ப் பட்டையை மட்டும் எடுத்துவிட்டு, அவர் வைத்த பெயரை எழுதுங்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பெயர் வைத்தது அது ஒன்றுக்குத்தான்.

ஏஞ்சலைக் கேட்டதாகச் சொல்லவும்.

அண்ணி
ஆரோக்கியமேரி


குன்னூர்
19.8.2023

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

இங்கு இருவரும் நலம். தங்கள் நலம் காண ஆவல். தேயிலைத் தொழிற்சாலையில் சீசன் வேலை. அதனால்தான் பதில் தாமதம்.

தங்கள் கடிதம் என்னை வருத்தியது. ஏதோ நான் திருடிவிட்டதுபோல எழுதியிருக்கிறீர்கள். 'திருடி வைத்த செடிதான் துளிர்க்கும்' என்று அண்ணனே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! உங்கள் வீட்டு மணிபிளான்ட் எந்தக் கம்பெனி வாசலில் கிள்ளியது என்று நினைவிருக்கிறதா? நீங்கள் அப்போது செடி பார்க்கும் நிலையிலா இருந்தீர்கள்? நான் எடுக்காமல் விட்டிருந்தால் முழுதும் அழுகியிருக்கும். காப்பாற்றியவன் நான் என்று துளசிராமன் ஐயாவிடம் சொல்லுங்கள்.

பெயரைப் பற்றி: குழுவில் பெங்களூர்க்காரர்கள், கொல்கத்தாக்காரர்கள் எல்லாம் இருக்கிறார்கள். அரிய செடிக்கு ஒரு மதிப்பு வேண்டும். கொண்டை என்றால் சிரிப்பார்கள் அண்ணி. தாங்கள் வியாபாரி. லேபிளின் அருமை தங்களுக்கா தெரியாது?

ஒரு சந்தேகம். சொந்த வேரில் வளர்ச்சி மிகவும் மந்தமாக இருக்கிறது. அண்ணன் இந்த மாதிரிச் செடிகளை எதன்மேல் ஒட்டுக் கட்டுவார்? தெரிந்தால் எழுதவும்.

தங்கள்
ஜெரால்டு


கும்மிடிப்பூண்டி
11.9.2023

பிரியமுள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது.

நலம். மழை வருவதற்கு முன் கம்பெனிகளில் புல் பதிக்கிற வேலை. நிற்க நேரமில்லை. உங்கள் இருவருக்கும் உடம்பு எப்படி?

பெயர் விஷயம் போகட்டும். மனிதர்கள் சிரிக்கக் கூடாது பாருங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: உங்கள் அண்ணன் டிராகன் பழக் கள்ளியின்மேல்தான் ஒட்டுக் கட்டுவார். வேறு எதையும் தொட மாட்டார். எங்கள் ஊர் வெயிலில் அது வாழைபோல எகிறும். மேலே உட்கார்ந்த செடியையும் சேர்த்துத் தூக்கிவிடும். நர்சரி வேலியோரம் நிறைய நிற்கிறது. நல்ல கொழுத்த தண்டாகப் பார்த்து, வேர்விட்டதை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். பணம் ஒன்றும் அனுப்ப வேண்டாம். முழுச் செடியையும் துண்டு போட்டு ஏற்றினால் சீக்கிரம் பெருகும்.

டிசம்பரில் அங்கே குளிர் ரொம்பக் கொடுமை என்று ஏஞ்சல் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு நல்ல கம்பளியாக வாங்கிக் கொடுங்கள். குளிர் சில உடம்புக்கு ஆகாது.

அண்ணி
ஆரோக்கியமேரி


குன்னூர்
6.11.2023

அன்புள்ள அண்ணிக்கு அநேக வணக்கங்கள்.

ஏஞ்சலும் நானும் மிக்க நலம். தங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

தங்கள் பெருந்தன்மைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் சொன்னபடியே மூன்று துண்டாக்கி ஏற்றினேன். மூன்றும் பிடித்துக்கொண்டன. இத்தனை மாதம் தூங்கிக்கொண்டிருந்தது இப்போது கண்ணெதிரே மடிப்பு விடுகிறது. பழைய வேரைத் தூக்கி எறிந்துவிட்டேன். இனி அது எதற்கு?

அடுத்த வருஷம் ஐப்பசியில் குழுவின் ஆண்டுக் கூட்டம் திருவள்ளூரில். மேடையில் என் செடியை அறிமுகப்படுத்த இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதுவரை யாருக்கும் ஒரு முள்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டேன். பெங்களூர்க்காரர் ஒருவர் தினமும் கெஞ்சுகிறார். கெஞ்சட்டும். கேட்டவனுக்கெல்லாம் கிள்ளிக் கொடுத்ததால்தான் அண்ணன் கடைசிவரை மில் ஆளாகவே இருந்தார். எல்லோரிடமும் இருந்தால் அதற்குப் பெயர் அரிய செடியா, அண்ணி?

தங்கள்
ஜெரால்டு


குன்னூர்
8.1.2024

அன்பு அக்காவுக்கு ஏஞ்சல் எழுதுவது.

எனக்கு மூச்சிரைப்பு முன்னைக்கு இப்போது ஜாஸ்திதான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? நம் மீஞ்சூர்ப் பக்கத்து வெயிலை நினைத்தால் அழுகையே வருகிறது.

உங்கள் கொழுந்தனார் எழுதக் கூச்சப்படுகிறார். அதனால் நான் எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய பச்சைத் தண்டெல்லாம் மார்கழிப் பனியில் மஞ்சளாகி, ஊறின சோப்பு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு துண்டு போயே போய்விட்டது. ஒன்று ஊசலாடுகிறது. அதற்கு ஹாலில் கூடாரம் கட்டி உள்ளே பல்பு எரிய விட்டிருக்கிறார். நான் கம்பளிக்குள் நடுங்குகிறேன். "இன்னாய்யா, கட்ன பொண்டாட்டிக்கு ஒரு பல்பு வச்சியா நீ?" என்று கேட்டேன். "சும்மா கெட, பேஜாரு பண்ணாத" என்கிறார்.

இங்கே பக்கத்து வீட்டு அம்மா செடி வைக்கிறவர்கள்தான். "டிராகன் பழக் கள்ளி வெயில் ஊருக்கு உள்ளது, இந்தக் குளிருக்கு வேரே அழுகிடுமே, யார் கொடுத்தது?" என்று கேட்டார்கள். அக்கா, நீங்கள் அதை விற்கிறவர்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா என்று எனக்கு ஒரு டவுட். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டில் கத்தி தூக்கின ஆள்தானே, கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மிச்சமிருக்கிற ஒன்றை உங்களிடம் அனுப்பட்டுமா என்று கேட்கச் சொன்னார்.

அன்புத் தங்கை
ஏஞ்சல்


கும்மிடிப்பூண்டி
14.1.2024

பிரியமுள்ள தம்பிக்கு,

பொங்கல் வாழ்த்து. செய்தி கேட்டு மனசு சரியில்லை. உடனே அனுப்புங்கள். அழுகிய தண்டைச் சுத்தமாக வெட்டி எறிந்துவிட்டு, தலையை மட்டும் செய்தித்தாளில் சுற்றி, ஈரமில்லாமல் பெட்டியில் வையுங்கள். இங்கே வெயிலுக்குக் குறைவில்லை.

ஏஞ்சலுக்கு ஒரு ஹீட்டர் வாங்கிக் கொடுங்கள். அவள் செடியைவிட வயதானவள்.

அண்ணி
ஆரோக்கியமேரி


குன்னூர்
20.1.2024

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

பார்சலில் இன்று ஏற்றிவிட்டேன். ஒரு சாண் அகலம் இருக்கிறது. என் பிள்ளையை அனுப்புவதுபோல அனுப்புகிறேன். அண்ணன் போன பிறகும் என்மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறீர்கள். நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன்.

நம் அப்பா காலத்தில் ஆட்டை வாரத்துக்கு விடுவார்களே, அதுபோல இதை உங்களிடம் வாரத்துக்கு விட்டதாக நினைத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். யார் கேட்டாலும் காட்ட வேண்டாம். முக்கியமாகத் துளசிராமன் ஐயாவிடம் காட்டக் கூடாது. ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது. இதற்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் நிம்மதியாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள்
ஜெரால்டு


கும்மிடிப்பூண்டி
3.8.2024

பிரியமுள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது.

நலம். நலம்தானே? உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஏஞ்சலை விட்டுப் போனிலும் விசாரித்தீர்களே. கோடையில் கம்பெனி மரங்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுவதிலேயே நாள் போய்விட்டது. பதில் எழுத முடியவில்லை.

செடி பிழைத்துவிட்டது. வந்த அன்று பார்த்த பூவம்மாள், "இன்னாக்கா, செத்த கோழி மாதிரி கீது, இத்த போய் பார்சல்ல வாங்கிக்கினு" என்றாள். என் நர்சரியில் ஒட்டுக் கட்டுகிறவள் அவள்தான். இப்போது அவளே பந்தலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறாள். அடிக்கட்டைக்காக வேலியில் இருந்த டிராகன் கள்ளியில் பாதி தீர்ந்துவிட்டது. போகட்டும், வேலிதானே.

வாரத்துக்கு விட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல வார்த்தை. நம் ஜனங்கள் வயலில் கூலிக்கு நின்ற காலத்து வார்த்தை. நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

நீங்கள் அனுப்பியது ஒரு சாண். ஒரு விரற்கடை குறையாமல் உங்கள் கையில் கொடுப்பேன். கூட்டத்துக்கு நானும் வருகிறேன்.

அண்ணி
ஆரோக்கியமேரி


குன்னூர்
29.10.2024

ஆரோக்கியமேரி அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

திருவள்ளூரில் எனக்கு நடந்ததை நீங்கள் வாசலில் இருந்ததால் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். முதல் நாள் உங்கள் வீட்டில் செடியை வாங்கினேன். ஒரு சாணுக்குக் குறைவில்லை. உங்கள் காலில் விழாத குறையாக நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கல்யாண மண்டபத்தில் துளசிராமன் ஐயா என் பெயரைச் சொன்னார். "உலகத்தில் ஒன்றே ஒன்று" என்று நான் மைக்கில் சொல்லிப் பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். கைதட்டலுக்குக் காத்திருந்தால் சிரிப்பு வருகிறது. முன்வரிசையில் ஒருவர் மடியில் அதே செடி. பக்கத்தில் அவர் மனைவி மடியில் அதே செடி. பின்னால் கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண்ணின் பையிலிருந்து அதே மஞ்சள் கோடு எட்டிப் பார்க்கிறது. சின்னச் சின்னக் கன்று, தீப்பெட்டி அளவு. ஆனால் அதுவேதான். மேடைக்குக் கீழே ஒருவன் என்னைப் பார்த்து, "சார், வாசல்ல அக்கா எல்லார்க்கும் சும்மா குட்த்துக்கினு கீறாங்க, நீங்க வாங்கலியா?" என்கிறான்.

ஒவ்வொரு தொட்டியிலும் வெள்ளைப் பட்டை: 'மேரி கொண்டை. வளர்த்தவர் எட்வர்டு, கும்மிடிப்பூண்டி.'

என் பின்னால் சுற்றிய பெங்களூர்க்காரர் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே ரயில் ஏறிவிட்டார். துளசிராமன் ஐயா மைக்கை வாங்கி, "நைனா, ஒண்ணே ஒண்ணுன்னு எந்தக் கணக்குல சொன்ன?" என்று கேட்டார். மண்டபமே சிரித்து உருண்டது.

வாசலுக்கு வந்து, "இன்னா அண்ணி இது?" என்று கேட்டேன். நீங்கள் என் கையிலும் ஒன்றைத் திணித்து, "பாத்து எடுத்துக்கினு போங்க தம்பி, முள்ளு குத்தும்" என்றீர்கள். அதைப் படியிலேயே வைத்துவிட்டு வந்தேன். என் நாற்காலிக்கு அடியில் யாரோ வைத்திருந்த அட்டைப்பெட்டி ஒன்று காலில் தட்டியது. அதையும் உதைத்துவிட்டுத்தான் வந்தேன். அவ்வளவு ஆத்திரம்.

ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது என்று எழுதியிருந்தேன். என் தொண்டையை அறுத்துவிட்டீர்கள். அண்ணன் மனைவி செய்கிற காரியமா இது?

ஜெரால்டு


கும்மிடிப்பூண்டி
17.11.2024

பிரியமுள்ள தம்பி ஜெரால்டுக்கு அண்ணி ஆரோக்கியமேரி எழுதுவது.

நான் ரொம்ப நலம். நன்றாகத் தூக்கம் வருகிறது. டாக்டரே சர்க்கரை இறங்கியிருக்கிறது என்றார். உங்களுக்கும் ஏஞ்சலுக்கும் சுகம்தானே?

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன். யாரையும் ஏமாற்றிப் பழக்கமில்லை.

ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது என்று எழுதினீர்கள், வாஸ்தவம். நான் சரி என்று எழுதினேனா? என் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். வாரத்துக்கு விட்டதாக நீங்கள்தான் எழுதினீர்கள். வாரத்துக்கு விட்ட ஆடு உடையவனுக்கு. அது போடுகிற குட்டியில் பாதி மேய்த்தவனுக்கு. உங்கள் அப்பா அப்படித்தான் மேய்த்தார், என் அப்பாவும் அப்படித்தான். குன்னூருக்குப் போனதும் 'வாரம்' என்றால் சும்மா பார்த்துக்கொள்வது என்று ஆகிவிட்டதா? தாயை அளவு குறையாமல் கொடுத்தேன். என் பாதிக் குட்டிகளை ஊருக்குக் கொடுத்தேன். உங்கள் பாதியைத்தான் அந்த அட்டைப்பெட்டியில் அடுக்கி, உங்கள் நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தேன். நீங்கள் உதைத்துவிட்டுப் போனீர்கள். மண்டபம் கூட்ட வந்த பெண்களும் சமையல்காரரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

டிராகன் கள்ளி குளிருக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். விற்கிறவளுக்குத் தெரியாமலா? அண்ணன் எதன்மேல் கட்டுவார் என்று நீங்கள் கேட்டீர்கள். அதற்கு உண்மையான பதில் சொன்னேன். குன்னூருக்கு எது ஆகும் என்று கேட்கவில்லை.

இட்லி வண்டிக் காலத்தில் எனக்குப் பக்கத்தில் ஒருத்தி வண்டி போட்டாள். அவள் என் அடுப்பை உடைக்கவில்லை, என் இட்லியைக் குறை சொல்லவில்லை. வடகறியைச் சும்மா ஊற்றினாள். ஒரே மாதத்தில் என் வடகறியை நாய் சீந்தவில்லை. ஒரு சரக்கை ஒழிக்க அதை உடைக்க வேண்டாம் தம்பி, ஊர் பூராவும் கிடைக்கும்படி செய்தால் போதும். உங்கள் கிரௌனை நான் தொடவில்லை. மண்டபத்தில் அதற்கு ஆளில்லாமல் செய்தேன். அவ்வளவுதான்.

நான் முதலில் கேட்டது ஒரு பட்டை. பேனாவால் நாலு எழுத்து. கொண்டை என்றால் சிரிப்பார்கள் என்றீர்கள். அன்றைக்கு யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்?

ஏஞ்சலுக்கு என் அன்பு.

அண்ணி
ஆரோக்கியமேரி


குன்னூர்
25.2.2025

அண்ணிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? ஏஞ்சலுக்கு இப்போது தேவலாம். ஹீட்டர் வாங்கிவிட்டேன்.

செடி செத்துவிட்டது. ஊரெல்லாம் கிடைக்கிற சரக்கு வீட்டுக்குள் எதற்கு என்று, திருவள்ளூரிலிருந்து வந்த கையோடு மதில்மேல் வைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஏஞ்சல் எடுத்து உள்ளே வைத்தாள். நான் திரும்ப வெளியே வைத்தேன். மழை விட்டு எட்டிப் பார்த்தபோது தொட்டியில் கூழ்தான் இருந்தது. கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஒரு மடிப்புகூட மிஞ்சவில்லை.

குழுவில் இரண்டு மூன்று பேரிடம் கேட்டேன். "கன்று சின்னது சார், இப்ப வெட்டினால் இதுவும் போய்விடும், மேரி கொண்டைதானே, அக்காவிடமே கேளுங்கள்" என்றார்கள். வேறு வழியில்லாமல் கேட்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். அது பாதிதான் உண்மை.

அன்றைக்கு மொட்டை மாடிக்கு நான் அழத்தான் போனேன். அந்த பிரஷ் தொட்டி ஓரமாகவே கிடந்தது. அண்ணன் தொட்டுத் தொட்டு வளர்த்தது என்று நானும் தொட்டேன். கீழே பெட்டியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. அவரிடமிருந்து ஏதாவது ஒன்று எனக்கு வேண்டும் என்று தோன்றியது. பாக்கெட்டில் கத்தி இருந்தது. கிரௌன், மேடை எல்லாம் பிறகு வந்த புத்தி. உங்கள் முதல் கடிதம் வந்தபோது இதை எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

என்னிடம் அண்ணனுடையது என்று இப்போது ஒன்றுமில்லை. அண்ணன் எட்வர்டு வளர்த்த மேரி கொண்டையில் ஒரு சிறு துண்டு அனுப்பினால் போதும். பட்டையை நான் என் கையாலேயே எழுதிக் குத்திவிடுகிறேன்.

உங்கள் தம்பி
ஜெரால்டு


கும்மிடிப்பூண்டி
30.4.2025

பிரியமுள்ள தம்பி ஜெரால்டுக்கு அண்ணி ஆரோக்கியமேரி மனதார எழுதுவது.

கடவுள் கிருபையால் நான் நலம். ஏஞ்சலுக்குத் தேவலாம் என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். ஹீட்டரை ராத்திரி முழுக்க ஓட விடாதீர்கள், தொண்டை வறளும். உங்கள் கால் வலி எப்படி இருக்கிறது? அந்த ஏற்றத்தில் தினமும் நடக்கிறீர்களே.

உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. பலமுறை படித்தேன். மாடிக்கு அழத்தான் போனீர்கள் என்பதை நம்புகிறேன். எனக்காகப் பொய் சொல்கிற ஆளாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லியிருப்பீர்கள்.

பூவம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "பாவம்க்கா, ஒண்ணு குட்த்துடேன், இன்னா கொறஞ்சு பூடும்?" என்றாள். துளசிராமன் ஐயாவும் போனில் அதையேதான் சொன்னார். ஒன்றும் குறையாது என்று எனக்கும் தெரியும். பந்தலில் நிறைய இருக்கிறது. வெயிலுக்கு நன்றாக மடிப்பு விட்டிருக்கிறது. இப்போதும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன். போன ஞாயிறு மீஞ்சூரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் வந்தாள். பேர் என்ன, ஊர் என்ன என்றுகூடக் கேட்காமல் இரண்டு கொடுத்தனுப்பினேன்.

உங்களுக்காகவும் ஒன்றை எடுத்து வைத்தேன். செய்தித்தாளில் சுற்றினேன். பெட்டியில் வைத்தேன். முகவரி எழுதினேன். மேஜைமேல் அது கிடந்த நாளெல்லாம் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். நேற்று அவிழ்த்து மறுபடியும் தொட்டியில் நட்டுவிட்டேன்.

உங்கள் அண்ணன் இருந்திருந்தால் உங்கள் கடிதத்தைப் பாதி படிக்கும்போதே எழுந்து போய்ப் பெட்டி கட்டியிருப்பார். என்னையும் நாலு திட்டுத் திட்டியிருப்பார். அது அவர் குணம். ஆனால் நீங்கள் இந்தத் தடவை பெயரைத் தப்பில்லாமல் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. அது மேரி கொண்டை. மேரிக்கு இன்னும் மனசு வரவில்லை.

இப்படிக்கு
அண்ணி
ஆரோக்கியமேரி